பேஸ்பால் அரங்கம் எப்போது களைகட்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல பேஸ்பால் அரங்கம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அருகாமையை வைத்துத்தான். பந்துக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், இந்தக் கேலரிக்கும் எதிர்க் கேலரிக்கும் உள்ள தூரம், அரங்க வாசலுக்கும் ஊருக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றும் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அரங்கம் களைகட்டும். ராட்சதத் திரை, மெத்தை நாற்காலி, கண்ணாடி அறை உணவகம் எல்லாம் இதற்குப் பிறகுதான். பாஸ்டனில் 1912-ல் திறந்த ஃபென்வே பார்க்கில் காலை நீட்ட இடம் போதாது, சில இருக்கைகளுக்கு முன்னால் தூண் நிற்கும். ஆனாலும் அமெரிக்க ரசிகர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய அரங்கம் என்று முதலில் சொல்வது அதைத்தான்.

பேஸ்பாலின் ஓட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் உச்சத் தொடரான மேஜர் லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது, அதில் 81 சொந்த ஊரில். ஏறக்குறைய தினசரி நடக்கும் ஆட்டம் இது. பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு. 9 இன்னிங் ஆட்டத்தில் அணிகள் இடம் மாறும் இடைவேளை மட்டும் 17 வரை வரும், ஒவ்வொன்றும் சுமார் 2 நிமிடம். அந்த நேரமெல்லாம் கண் எதன் மேல் தங்குகிறது, காதில் என்ன விழுகிறது, பக்கத்து ஆளோடு பேச முடிகிறதா என்பதில் அரங்கத்தின் தரம் தெரிந்துவிடும்.

களத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறுகிறதே, விதி இல்லையா?

உள்களத்துக்குக் கறாரான விதி உண்டு. ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பந்து வீசும் பிட்சரின் பலகையிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். எந்த ஊரானாலும் இதில் இம்மியும் மாறாது. வெளிக்களம் அப்படியல்ல. 1958 ஜூன் 1-க்குப் பிறகு கட்டும் அரங்கங்களில் ஹோம் பிளேட்டிலிருந்து சுவர் வரை இரண்டு ஓரக் கோடுகளிலும் 325 அடி, நடுவில் 400 அடி இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. அதற்கும் விதிவிலக்கு கொடுக்கிறார்கள்: சான்ஃபிரான்சிஸ்கோ ஆரக்கிள் பார்க்கின் வலது ஓரம் 309 அடிதான். அந்தக் குறையை ஈடுகட்ட அங்கே 24 அடி உயரச் சுவர் எழுப்பினார்கள். 24 என்பது அந்த அணியின் பழைய நட்சத்திரம் வில்லி மேஸ் அணிந்த எண்.

இந்தச் சுதந்திரம்தான் ஒவ்வொரு அரங்கத்துக்கும் தனி முகம் கொடுக்கிறது. நியூயார்க்கில் இப்போது இல்லாத போலோ கிரவுண்ட்ஸில் இடது ஓரம் 279 அடி, வலது ஓரம் 258 அடி, நடுவில் 483 அடி! ஓரத்தில் தட்டிவிட்டால் பந்து எல்லையைத் தாண்டி ஹோம் ரன், கிரிக்கெட் சிக்சர் போல. நடுவில் முழு பலத்தோடு அடித்தாலும் கேட்ச்.

ஃபென்வேயின் பச்சைச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது?

இட நெருக்கடியில் பிறந்த சுவர் அது. இடது வெளிக்களத்துக்குப் பின்னால் லான்ஸ்டவுன் தெரு ஓடுவதால் களத்தை அந்தப் பக்கம் நீட்ட வழியில்லை. இடது ஓரம் 310 அடியோடு முடிந்துவிடுகிறது. அதனால் சுவர் மேலே எழும்பியது: 37 அடி 2 அங்குலம், கிட்டத்தட்ட நாலு மாடி உயரம். முன்பு முழுக்க விளம்பரம் எழுதியிருந்தார்கள். 1947-ல் பச்சை வண்ணம் அடித்த பிறகு ‘பச்சை ராட்சதன்’ என்ற பெயர் நிலைத்தது.

இந்தச் சுவர் ஆட்டத்தையே மாற்றுகிறது. வேறு அரங்கில் இடது வெளிக்களத்தான் ஓடிப்போய்ப் பிடித்துவிடும் உயரப் பந்து இங்கே சுவரில் பட்டு இரண்டு பேஸ் தரும். வேறு அரங்கில் தாழப் பறந்து ஹோம் ரன் ஆகும் அடி இங்கே சுவரில் மோதி, பேட்டர் முதல் பேஸோடு நிற்க நேரும். சுவரில் பட்டுத் திரும்பும் பந்து எந்தக் கோணத்தில் வரும் என்று உள்ளூர் ஆட்டக்காரருக்கு அத்துப்படி, வெளியூர்க்காரர் தடுமாறுவார். ரசிகருக்கு இது விருந்து. பந்து இடது பக்கம் கிளம்பியதும் பிடிப்பாரா, சுவரா, சுவருக்கு மேலேயா என்று மூன்று கேள்விகள் ஒரே நேரத்தில் எழும். அந்த மூன்று நான்கு வினாடிக்கு அரங்கமே எழுந்து நிற்கும்.

சுவரின் அடியில் இருப்பது கையால் மாற்றும் ஸ்கோர்போர்டு. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து, எண் எழுதிய தகடுகளைத் துளைகளில் பொருத்துகிறார்கள். பாலுக்கும் (எல்லைக்கு வெளியே போன வீச்சு) ஸ்ட்ரைக்குக்கும் (பேட்டர் தவறவிட்ட வீச்சு, மூன்றானால் அவுட்) பச்சை விளக்கு, அவுட்டுக்குச் சிவப்பு விளக்கு. சுவரின் உச்சியில் 2003-ல் இருக்கைகள் போட்டார்கள். வலது வெளிக்களக் கேலரியில் பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு நாற்காலி தெரியும்: 42-வது பகுதி, 37-வது வரிசை, 21-வது இருக்கை. 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடிப் பந்து வந்து விழுந்த இடம் அது. ஹோம் பிளேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அந்த நாற்காலியைத் திரும்பிப் பாருங்கள். 502 அடி என்பது எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் உறைக்கும்.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறதே, பந்து உள்ளே மாட்டிக்கொண்டால்?

1937-ல் நட்ட ஐவிக் கொடி. செங்கல் சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது. பந்து இலைக்குள் சிக்கினால் வெளிக்களத்தான் இரண்டு கையையும் உயர்த்தி நடுவருக்குக் காட்ட வேண்டும். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பேட்டருக்கு இரண்டாவது பேஸ் கொடுப்பார். கையை உயர்த்தாமல் இலைக்குள் கைவிட்டுத் தேடினால் பந்து ஆட்டத்தில் இருப்பதாகவே கணக்கு. ஓடுகிறவர் ஓடிக்கொண்டே இருக்கலாம். புதிதாய் வந்த வெளியூர்க்காரர்கள் தவறு செய்வது இங்கேதான். ஏப்ரல் மாதக் குளிரில் இலை துளிர்த்திருக்காது, வெறும் தண்டுதான். பச்சைச் சுவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜூனுக்குப் பிறகு டிக்கெட் எடுப்பது நல்லது.

ஸ்கோர்போர்டு இங்கேயும் கையால் மாற்றுவதுதான், அதுவும் 1937-ல் வந்தது. ஆட்டம் முடிந்ததும் அதன் உச்சியில் கொடி ஏறும். வெற்றி என்றால் வெள்ளைக் கொடியில் நீல எழுத்து. தோல்வி என்றால் நீலக் கொடியில் வெள்ளை எழுத்து. அந்த வழியாக வேலை முடிந்து போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வார்கள். அரங்கமும் தெருவும் ஒட்டி உறவாடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மேல்மாடி இருக்கை ஏன் அவ்வளவு தூரத்தில், அவ்வளவு செங்குத்தாக இருக்கிறது?

பழைய அரங்கங்களில் மேல்மாடியைத் தூண்கள் தாங்கின. தூண் இருப்பதால் மேல்மாடியைக் கீழ்த்தளத்தின் தலைக்கு மேலேயே கொண்டுவர முடிந்தது. கீழே சிலருக்குப் பார்வை மறைந்தது, ஆனால் மேலே உட்கார்ந்த ஆயிரக்கணக்கானோர் களத்துக்கு நெருக்கமாக இருந்தார்கள். பிறகு தூண் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது மேல்மாடி பின்னால் தள்ளிப்போனது. பணக்காரர்களுக்கான தனி அறைகள் இரண்டு தளத்துக்கும் நடுவே புகுந்ததும் இன்னும் உயரே போனது.

எவ்வளவு செங்குத்து என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டிய புள்ளிக்குப் போகும் பார்வைக்கோடு, முன்வரிசை ஆளின் கண்மட்டத்துக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் போகிறது என்று பார்ப்பார்கள். 60 இருந்தால் சமாளிக்கலாம், 90 நல்லது, எல்லோரும் தொப்பி போட்டிருந்தால் 120 வேண்டும். 90-ஐ வைத்தே கணக்குப் போடுவோம். ஒரு வரிசையின் அகலம் 80 செ.மீ. என்று கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில், பார்க்கும் புள்ளிக்கு 30 மீட்டர் தள்ளி, 8 மீட்டர் உயரத்தில் முன்வரிசை ஆளின் கண் இருந்தால், அடுத்த படி சுமார் 31 செ.மீ. உயர வேண்டும். வீட்டு மாடிப்படி இரண்டு சேர்ந்த உயரம். மேல்மாடியில் 50 மீட்டர் தள்ளி, 28 மீட்டர் உயரத்தில் என்றால், ஒவ்வொரு படியும் 54 செ.மீ. உயர வேண்டும். சாய்வு 34 டிகிரி! ஏறும்போது முழங்கால் வலிக்கும், இறங்கும்போது தலை சுற்றும். கட்டடத்தை உயர்த்திக்கொண்டே போனால் சாய்வும் கூடிக்கொண்டே போகும், தப்பிக்க வழியில்லை.

சிகாகோவில் 1991-ல் திறந்த புதிய கோமிஸ்கி பார்க் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. மேல்மாடி உயரமாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது என்ற குறை தீரவேயில்லை. கடைசியில் 2003 பருவம் முடிந்ததும் உச்சியிலிருந்த 8 வரிசைகளை, சுமார் 6,600 இருக்கைகளை, வெட்டி எடுத்துவிட்டுப் புதிய கூரை போட்டார்கள். இருக்கையைக் குறைத்த பிறகு அரங்கம் மேம்பட்டது என்பதைக் கவனியுங்கள். 38,000 முதல் 42,000 பேர் கொள்ளும் அரங்கமே பேஸ்பாலுக்குப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் போனால் சாதாரண நாளில் காலி நாற்காலிதான் அதிகம் தெரியும்.

தூண் மறைக்கும் இருக்கையை எப்படித் தவிர்ப்பது?

பழைய அரங்கங்களில் மட்டும் இந்தக் கவலை. டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே பார்வை மறையும் என்று குறிப்பு இருக்கும். விலை சற்றே குறைந்திருப்பதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். பிட்சரையோ ஹோம் பிளேட்டையோ தூண் மறைத்தால் ஆட்டம் முழுக்கத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தூணுக்கு முன்னால் உள்ள வரிசையை எடுங்கள். தூணுக்குப் பின்னால்தான் கிடைக்கிறது என்றால், மூன்றாவது தளமோ வெளிக்களமோ எடுத்துக்கொண்டு திறந்தவெளியில் உட்காருவது மேல்.

தூண் தவிர இன்னொன்றும் உண்டு. ஓரக் கோடுகளின் கடைசியில் உள்ள இருக்கைகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். ஃபென்வேயின் வலது கோடியில் நாற்காலிகள் நேராக இடது வெளிக்களத்தைப் பார்க்கின்றன. ஆட்டம் நடப்பதோ இடது தோளுக்கு அப்பால். மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பியே வைத்திருந்தால் மறுநாள் சுளுக்குத்தான். பின்னாளில் கட்டிய அரங்கங்களில் இந்தக் கோடி இருக்கைகளை ஹோம் பிளேட் பக்கம் திருப்பியே வைக்கிறார்கள்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நிழல்?

ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் வழியாக இரண்டாவது பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு–வடகிழக்காக இருப்பது விரும்பத்தக்கது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. மாலை வெயில் பேட்டரின் கண்ணில் விழக்கூடாது என்பதற்காக. அந்தத் திசையில் கட்டிய அரங்கில், மாலை ஆட்டத்துக்கு ஹோம் பிளேட்டின் பின்பக்கமும் மூன்றாவது பேஸ் பக்கமும் (ஹோம் பிளேட்டிலிருந்து களத்தைப் பார்த்தால் இடது) முதலில் நிழலுக்கு வரும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும். முதல் பேஸ் பக்கமும் வலது வெளிக்களமும் பொழுது சாயும் வரை வெயிலை முகத்தில் வாங்கும். பகல் 1 மணி ஆட்டம் என்றால் கணக்கு மாறும். மேல்தளத்தின் நிழல் விழும் பின்வரிசைகள்தான் தஞ்சம்.

எல்லா அரங்கமும் இந்தத் திசையில் இல்லை. வரைபடத்தில் மேலிருந்து பார்த்து, ஹோம் பிளேட்டிலிருந்து நடு வெளிக்களம் எந்தத் திசை என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். ஒரு நிமிட வேலை.

நடு வெளிக்களத்தில் மட்டும் ஏன் ஆளே இல்லாத கறுப்புத் திட்டு?

கிரிக்கெட்டில் சைட் ஸ்கிரீன் செய்யும் அதே வேலை. வெள்ளைப் பந்து மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் வருகிறது. பின்னணியில் வெள்ளைச் சட்டைகள் இருந்தால் பேட்டருக்குப் பந்து தெரியாது. அதனால் கரும்பச்சைச் சுவரோ செடிகளோ வைக்கிறார்கள்.

அரங்கம் ஊருக்கு நடுவே இருக்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்?

1992 ஏப்ரல் 6 அன்று பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் திறந்தது. அமெரிக்காவில் அதற்குப் பின் கட்டிய அரங்கங்களில் பெரும்பாலானவை அதைப் பார்த்தே கட்டப்பட்டன. பழைய ரயில் யார்டு இருந்த இடம்; வலது வெளிக்களத்துக்குப் பின்னால் ஆயிரம் அடிக்கு மேல் நீளமான செங்கல் கிடங்கு. அதை இடிக்காமல் விட்டு, அதற்கும் கேலரிக்கும் நடுவே ஓடும் யூட்டா தெருவையும் அரங்கத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் வந்து விழுந்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் தரையில் சிறிய பித்தளைத் தகடு பதித்திருக்கிறது. குனிந்து பெயரையும் தேதியையும் படித்துக்கொண்டே நடக்கலாம். களத்தைத் தெரு மட்டத்துக்குக் கீழே 16 அடி பள்ளத்தில் அமைத்ததால் வெளியிலிருந்து கட்டடம் மலைபோல் நிற்காது; அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஏற்ற உயரத்தில் அடங்கிவிடும்.

சான்டியாகோ பெட்கோ பார்க்கில் 1909-ல் கட்டிய இரும்புக் கடைக் கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதன் மூலைதான் இடது ஓரக் கம்பம்! ஆரக்கிள் பார்க்கில் வலது சுவருக்கு அப்பால் கடல். படகில் காத்திருக்கும் ரசிகர்கள் நீரில் விழும் ஹோம் ரன்னை அள்ளப் போட்டி போடுவார்கள். அதே சுவரின் அடியில் உள்ள கம்பி வளைவுகள் வழியே, டிக்கெட் இல்லாதவர்களும் நின்று ஆட்டம் பார்க்கலாம்.

ஊருக்குள் இருந்தால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சாப்பிட்டு, நடந்து, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போகலாம். கார் நிறுத்தும் பொட்டலுக்கு நடுவே கட்டினால், ஏழாவது இன்னிங்கிலேயே நெரிசலுக்குப் பயந்து சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் (1962) அதுதான் குறை. ஆனால் அந்த அரங்கத்தின் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும்: குன்றைச் செதுக்கிக் கட்டியதால் கார் நிறுத்துமிடமும் படிப்படியாக அமைந்திருக்கிறது. உங்கள் இருக்கை எந்தத் தளமோ அந்தத் தளத்தின் மட்டத்திலேயே காரை விட்டு, மாடி ஏறாமல் நேராக உள்ளே நடந்துவிடலாம். வேறு வாசல் வழியாகப் போய்விட்டால் குன்று ஏற வேண்டிவரும், அதனால் டிக்கெட்டில் உள்ள வாசலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1960, 70-களில் கட்டிய வட்ட அரங்கங்கள் ஏன் நிலைக்கவில்லை?

பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் ஒரே அரங்கம் போதும் என்று கட்டினார்கள். பிட்ஸ்பர்க் திரீ ரிவர்ஸ் (1970), சின்சினாட்டி ரிவர்ஃபிரன்ட் (1970), பிலடெல்ஃபியா வெட்டரன்ஸ் (1971) மூன்றும் உள்ளே நுழைந்தால் எந்த ஊர் என்று சொல்ல முடியாதபடி ஒரே அச்சு. கால்பந்துக் களம் நீள்சதுரம், பேஸ்பால் களம் 90 டிகிரி விசிறி. இரண்டுக்கும் பொதுவாக வட்டம் போட்டால் இரண்டு பேருக்குமே தூரம் கூடும். மூன்றையும் இடித்துவிட்டார்கள்.

ஓக்லாந்து கொலீசியத்தில் ஓரக் கோட்டுக்கு வெளியே ஏக்கர் கணக்கில் காலி நிலம். ரசிகர்கள் ஆட்டத்திலிருந்து தள்ளியே இருந்தார்கள். பேஸ்பால் அணி 2024-ல் வெளியேறிய பிறகு, 2025-ல் அங்கே மேஜர் லீக் கிரிக்கெட் நடந்தது. பேஸ்பாலுக்குப் பாரமாக இருந்த அந்த அகலம் கிரிக்கெட் வட்டத்துக்கு வாகாக அமைந்தது. டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் கிராண்ட் பிரெய்ரி அரங்கமும் பேஸ்பாலுக்காகக் கட்டி, பிறகு கிரிக்கெட்டுக்கு மாற்றியதுதான். அங்கே போகிறவர்கள் கேலரி ஒரு மூலையில் மட்டும் குவிந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். ஹோம் பிளேட் இருந்த மூலை அது.

ஜப்பானில் கூட்டம் விடாமல் பாடுகிறது, அமெரிக்காவில் பாதி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எது நல்ல சூழல்?

இரண்டும் வேறு வேறு அழகு. ஜப்பானில் வெளிக்களத்தின் மலிவான இருக்கைகள்தான் அரங்கத்தின் இதயம். ஆதரவுக் குழு மேளம், டிரம்பெட்டோடு அங்கே இருக்கும். ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு. அவர் களத்துக்கு வந்ததும் தொடங்கி, அவர் ஆட்டம் முடியும்வரை நிற்காது. தங்கள் அணி பேட் செய்யும்போது மட்டும் பாடுவார்கள். எதிரணி பேட் செய்யும்போது உட்கார்ந்துவிடுவார்கள், பாடுவது வெளியூர் ரசிகர்களின் முறை. டோக்கியோ மெய்ஜி ஜிங்கூ அரங்கில் (1926) யாகுல்ட் அணி ரன் எடுத்தால் குட்டிக் குடைகள் ஆயிரக்கணக்கில் விரிந்து ஆடும். முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்துகொண்டு விற்பனைப் பெண்கள் படியேறி வருவார்கள்; கையை உயர்த்தினால் போதும், இருக்கைக்கே வந்து ஊற்றித் தருவார்கள். வரிசையில் நின்று ஆட்டத்தைத் தவறவிடும் பேச்சே இல்லை. ஒரு எச்சரிக்கை: உள்ளூர் ஆதரவுப் பகுதியில் எதிரணிச் சட்டையோடு உட்காரப் பல அரங்கங்களில் அனுமதியில்லை.

நிஷினோமியாவில் உள்ள கோஷியென் அரங்கம் 1924 ஆகஸ்ட் 1-ல் திறந்தது. ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் வீடு என்றாலும், ஆகஸ்ட் மாதம் அது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தம். நாடெங்கும் வென்று வந்த உயர்நிலைப்பள்ளி அணிகள் மோதும். ‘ஆல்ப்ஸ்’ என்று அழைக்கும் கேலரியில் பள்ளியின் வாத்தியக் குழு முழுசாக வந்து உட்காரும். உள்களம் முழுக்கக் கரிய மண், புல்லே கிடையாது. தோற்ற அணியின் பையன்கள் மண்டியிட்டு அழுதுகொண்டே அந்த மண்ணை இரண்டு கையாலும் வாரிப் பையில் போட்டுக்கொள்வார்கள். கேலரியில் எதிர்ப்பக்கத்தாரும் எழுந்து கைதட்டுவார்கள். எந்த ஒலிபெருக்கியும் இதை உண்டாக்க முடியாது.

அமெரிக்காவில் சத்தம் ஆட்டத்தோடு ஏறி இறங்கும். இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக் என்றதும் யாரும் சொல்லாமலே கைதட்டல் கிளம்பி, கூட்டம் எழும். ஏழாவது இன்னிங் நடுவில் எல்லோரும் நின்று பாடுவார்கள். 1941-ல் மேஜர் லீக் அரங்கங்களில் முதன்முதலாக ஆர்கன் வாசித்தது ரிக்லியில். இன்றும் அந்த இசைக்கு ஒரு நயம் உண்டு, பேச்சை அடக்காது. சூழலைக் கெடுப்பது ஒவ்வோர் இடைவேளையிலும் காதைக் கிழிக்கும் பதிவு இசையும், “சத்தம் போடுங்கள்” என்று திரை இடும் கட்டளையும்தான். கூட்டம் தானாக எழும் பழக்கத்தை அது மறக்கடிக்கிறது.

கூரை இருந்தால் நல்லதா?

வெயிலும் மழையும் மிஞ்சும் ஊரில் தேவைதான். திறந்து மூடும் கூரையே மேல். சியாட்டிலில் (1999) கூரை குடைபோல் மேலே வந்து நிற்கும், பக்கங்கள் திறந்தே இருக்கும். காற்றும் ரயில் ஊதலும் உள்ளே வரும். டோக்கியோ டோம் (1988) கூரையைக் காற்றழுத்தமே தாங்குகிறது. உள்ளே அழுத்தம் 0.3 சதவீதம் அதிகம் என்பதால், வெளியேறும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவது தெரியும். ஃபுளோரிடாவின் டிராபிகானா ஃபீல்டு நிரந்தரக் கூரை. உயரப் பந்துகள் மேலே உள்ள நடைபாலங்களில் மோதும். 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி அதன் துணிக்கூரையைக் கிழித்தெறிந்தது.

முன்னால் வலை கட்டியிருக்கிறார்களே, பார்வை கெடாதா?

பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். வலை இல்லாத இடம்தான் ஆபத்து. பேட்டில் பட்டு மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓரக் கோட்டுக்கு வெளியே வரும் ஃபவுல் பந்து, 30 மீட்டர் தள்ளி உள்ள இருக்கையை முக்கால் வினாடிக்குள் அடைந்துவிடும். 2018 பருவத்தில் 30 மேஜர் லீக் அரங்கங்களும் குறைந்தது, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டின் கடைசி வரை வலையை நீட்டின. பிறகு பல அரங்கங்கள் இன்னும் நீட்டின. குழந்தைகளோடு போனால் வலைக்குப் பின்னால் எடுங்கள். வலை முடியும் இடத்தில் உட்கார்ந்தால், பந்து வீசும்போது கைபேசியைப் பார்க்காதீர்கள்.

சாப்பாட்டு வரிசையில் நின்றால் ஆட்டம் போய்விடுகிறதே?

2023-ல் பிட்சருக்கு நேரக்கட்டுப்பாடு வந்த பிறகு இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. சராசரி ஆட்டம் 2022-ல் 3 மணி 4 நிமிடம். 2023-ல் 2 மணி 40 நிமிடம். ஒரு தரம் கடைக்குப் போய் வந்தால் ஒரு முழு இன்னிங் முடிந்திருக்கும். கடைவரிசையில் நின்றபடியே களம் தெரியும் திறந்த நடைவழி உள்ள அரங்கமா என்று பாருங்கள். நல்ல அரங்கத்துக்கு அது முக்கிய அடையாளம். இடைவேளை தொடங்கும்போது எல்லோரும் எழுவார்கள். இன்னிங் நடுவே, முதல் அவுட் விழுந்ததும் போவது புத்திசாலித்தனம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேர்க்கடலை, பிரெட்செல், ஆரக்கிள் பார்க்கில் பேர்பெற்ற பூண்டு உருளை வறுவல் உண்டு. பல அரங்கங்களில் வீட்டுச் சாப்பாட்டையும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலையும் கொண்டுபோகலாம். பை அளவு விதியை அந்த அரங்கத்தின் தளத்தில் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

மழை வந்தால் டிக்கெட் பணம்?

ஐந்து இன்னிங் முடிந்திருந்தால் (உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை) அது முழு ஆட்டமாகக் கணக்காகும். அதற்கு முன்னால் ஆட்டத்தைத் தள்ளிவைத்தால் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும். ரிக்லி ஃபீல்டில் முதன்முதலாக விளக்குப் போட்ட 1988 ஆகஸ்ட் 8 இரவிலும் இதுதான் நடந்தது: நாலு இன்னிங்கூட முடியவில்லை, மழை கொட்டியது. முறைப்படி முதல் இரவு ஆட்டம் மறுநாளுக்குப் போனது.

ஒரே ஓர் அரங்கம்தான் பார்க்க முடியும் என்றால் எது?

பிட்ஸ்பர்கின் பிஎன்சி பார்க் (2001). இரண்டே தளம், 38,000 சொச்சம் இருக்கை. வலது சுவர் 21 அடி. உள்ளூர் அணியின் பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ கிளமென்டே அணிந்த எண் அது. ஆட்ட நாளில் அவர் பெயர் தாங்கிய மஞ்சள் பாலத்தை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். மாலை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்னதாக நகர மையத்தில் இறங்கி, அலெகெனி ஆற்றைப் பாலத்தின் மேல் நடந்தே கடங்கள். இருக்கை மூன்றாவது பேஸ் பக்கம், மேல்தளத்தில் முன்வரிசைகளில் போதும். களம், ஆறு, பாலம், ஊரின் கட்டடங்கள் எல்லாம் ஒரே பார்வையில் விழும். உள்ளூர் அணியே தன் டக்அவுட்டை அந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறது. பகல் ஆட்டமானால் அந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். தொப்பி எடுத்துப் போங்கள்.